இரட்டைப் பொறி வானூர்திகள்

ஒற்றை மாடு பூட்டிய வண்டியும் இரட்டை மாடு பூட்டிய வண்டியும் ஒரே பாதையில் செல்லக் கூடியனவே ஆயினும், ஒரே வேலைக்கு உரியன அல்ல. ஒற்றை மாட்டு வண்டி சிறு சுமையை ஏற்றிக்கொண்டு சந்து பொந்துகளிலும் எளிதில் திரும்பும். இரட்டை மாட்டு வண்டியோ பெருஞ்சுமையை நெடுந்தொலைவு இழுத்துச் செல்லும். ஆனால் குறுகிய திருப்பத்தில் இடர்ப்படும். இரு மாடுகளுள் ஒன்று சோர்ந்து நின்றுவிட்டால், மற்றொன்றின் இழுப்பால் வண்டி நேர்வழி விட்டு விலகும். நுகத்தடியைப் பற்றிய இவ்வுண்மை உழவர் அனைவரும் அறிந்ததே. வானத்திலும் இவ்வுண்மை செல்லுபடியாவதை, இரு பொறிகள் பூட்டிய போர் வானூர்திகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

முதல் உலகப் போர் 1918-ஆம் ஆண்டில் முடிந்தது. இரண்டாம் உலகப் போர் 1939-ஆம் ஆண்டில் மூண்டது. இடைப்பட்ட காலத்தில் வானூர்திக் கலை அடைந்த மாறுதல் மிகப் பெரிது. சட்டத்தின்மேல் துணி போர்த்து, மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகுகள் பொருத்திய பழைய ஊர்திகள் மெல்ல மறைந்தன. உலோகத் தகட்டாலான உடலும், ஒற்றை அடுக்குச் சிறகும், பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்களும் உடைய புதிய ஊர்திகள் தோன்றின. குண்டு வீசும் வானூர்தியை எவராலும் முற்றிலும் தடுத்து நிறுத்த இயலாது என்னும் கருத்தைப் பிரிட்டிஷ் அரசியல் தலைவர் ஸ்டான்லி பால்டுவின் 1932-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் வெளியிட்டார். அவ்வச்சம் பல நாடுகளிலும் பரவியிருந்தது. ஆகவே, மிகுந்த விரைவும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றலும் உடைய வானூர்திகளைப் படைப்பதில் நாடுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

அக்காலத்துப் பொறி ஒன்று ஏறத்தாழ ஆயிரம் குதிரைத் திறன் அளவே தரவல்லதாய் இருந்தது. அதற்கு மேலும் ஆற்றல் வேண்டுமாயின், சிறகுக்கு ஒன்றாக இரண்டு பொறிகளைப் பொருத்துவதே எளிய வழி. இதனால் விளைந்த நன்மைகள் பல. ஊர்தியின் மூக்குப் பகுதியில் பொறி இல்லாமையால், அங்கே துப்பாக்கிகளையோ குண்டு வீசுவோனையோ வைக்கலாம். மிகுதியான பெட்ரோலைச் சுமக்கலாம். நடுக்கடலில் ஒரு பொறி நின்றுவிட்டாலும், மற்றொன்றைக் கொண்டு கரை சேரலாம்.

தீமைகளும் இல்லாமற் போகவில்லை. காவடித் தண்டின் இரு முனைகளிலும் நீர்க்குடம் தொங்க நடப்பவன், சட்டென்று திரும்ப இயலாது. திரும்பினால் குடங்கள் அவனை இழுத்துச் செல்லும். அதுபோலவே, பளுவான பொறிகள் இரு சிறகுகளிலும் அமைந்த ஊர்தி, ஒற்றைப் பொறி ஊர்தியைப்போல விரைந்து சுழலவும் புரளவும் இயலாது. செலவும் உலோகமும் உழைப்பும் இரு மடங்கு தேவைப்படும். இந்நன்மை தீமைகளை எடைபோட்டுப் பார்த்து, எதைக் கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்வதே வடிவமைப்பாளரின் கடமை. ஐந்து வானூர்திகளின் வரலாற்றை ஒப்பிட்டால், அம்முடிவு எத்துணை அரியது என்பது விளங்கும்.

முதலாவது, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நிறுவனத்தார் செய்த பிளெனிம். இதன் பிறப்பு வியப்புக்குரியது. செய்தித்தாள் அதிபர் ரோதர்மியர் பிரபு, தம் சொந்தப் பயணத்திற்காக ஐரோப்பாவிலேயே விரைவான ஊர்தி ஒன்று வேண்டும் என விரும்பினார். பிராங்க் பார்ன்வெல் என்னும் வடிவமைப்பாளர் அதனை உருவாக்கினார். 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது முதன்முறையாகப் பறந்தது. சோதித்துப் பார்த்தபோது, மணிக்கு 307 மைல் விரைவில் அது சென்றது. அரசாங்க வானப்படையில் அப்போதிருந்த சண்டை ஊர்திகள் எவையும் அதனை எட்டிப் பிடிக்கக் கூடியனவாக இல்லை. ரோதர்மியர் அவ்வூர்தியை நாட்டுக்கே வழங்கிவிட்டார்.

பயணிகள் ஊர்தியைப் போர் ஊர்தியாக மாற்றும் வேலை தொடங்கிற்று. குண்டுகளுக்கு இடம் வேண்டிச் சிறகை உயர்த்திப் பொருத்தினர். முதுகின்மேல் சுழல் துப்பாக்கிக் கூண்டு ஒன்றை அமைத்தனர். மூவர் ஏறிச் செல்ல வகை செய்தனர். ஒவ்வொரு மாற்றமும் தேவையானதே. ஆனால் ஒவ்வொன்றும் விரைவிற் சிறிது தின்றது. போர்க்காலத்தில் பயன்பட்ட பிளெனிம் மணிக்கு ஏறத்தாழ 266 மைலே பறந்தது. இதற்கிடையில் பகைவரின் சண்டை ஊர்திகள் மணிக்கு 350 மைல் அளவை எட்டிவிட்டன. 1935-இல் யாவரினும் முந்திச் சென்ற ஊர்தி, ஐந்தே ஆண்டுகளில் பின்தங்கிவிட்டது.

இதன் விளைவை 1940-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் உலகம் கண்டது. பெல்ஜிய நாட்டிலுள்ள ஜாம்புளூ என்னும் ஊரை நோக்கி முன்னேறிய ஜெர்மானியப் படைகளைத் தாக்கப் பன்னிரண்டு பிளெனிம்கள் புறப்பட்டன. துணைக்கு வரவேண்டிய சண்டை ஊர்திகள் வந்து சேரவில்லை. பன்னிரண்டில் ஒன்றே திரும்பி வந்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், இலங்கையின் திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கிய அன்றும் இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தது. கொழும்பிலிருந்து சென்ற ஒன்பது பிளெனிம்கள், துணை ஏதுமின்றி, கடலில் நின்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின்மேல் குண்டு வீசின. குண்டுகள் கப்பல்களின் அருகே விழுந்தன, ஒன்றும் தைக்கவில்லை. ஒன்பதில் ஐந்து ஊர்திகள் வீழ்ந்தன. அவற்றிற் சென்ற இளைஞரிடம் வீரம் குறைவாக இருந்ததன்று. அவர்கள் ஏறிச் சென்ற ஊர்திக்கு விரைவும் காப்பும் குறைவாக இருந்தன.

இரண்டாவது, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110. இது 1936-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலிற் பறந்தது. நெடுந்தொலைவு சென்று, தம் குண்டு வீச்சு ஊர்திகளுக்குக் காவலாக நின்று, எதிர்ப்படும் பகைவரை அழித்தொழிக்க வேண்டும் என்பதே இதனைப் படைத்தோர் நோக்கம். ஆகவே 'அழிப்பான்' என்னும் பொருள்படும் பெயரை இவ்வகைக்கு இட்டனர். இதன் மூக்கில் நான்கு எந்திரத் துப்பாக்கிகளும் இரண்டு சிறு பீரங்கிகளும் இருந்தன. பின்புறம் நோக்கிய துப்பாக்கி ஒன்றும் உண்டு. விரைவு மணிக்கு ஏறத்தாழ 340 மைல். 1939-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள், வட கடலின்மேல் காவலின்றி வந்த வெல்லிங்டன் என்னும் பிரிட்டிஷ் குண்டு வீச்சு ஊர்திகளுக்குப் பேரிழப்பு நேர்ந்தது. அவற்றை வீழ்த்தியவற்றுள் இதுவும் ஒன்று. இவ்வெற்றியால் இதன் புகழ் ஓங்கிற்று.

அப்புகழ் ஓராண்டும் நிலைக்கவில்லை. 1940-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் வானத்தில் ஸ்பிட்பையர், ஹரிக்கேன் என்னும் ஒற்றைப் பொறி ஊர்திகளை இது சந்தித்தது. நேர்கோட்டு விரைவில் இது மிகவும் தாழ்ந்ததன்று. ஆயின் வட்டமிட்டுத் திரும்பும் போரில் காவடிக்காரன் நிலையே இதற்கும் நேர்ந்தது. பிறரைக் காக்க வந்த ஊர்திகள், தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. இறுதியில், காவலுக்கு வந்த ஊர்திக்கே வேறோர் ஊர்தி காவலாகச் செல்ல நேர்ந்தது. அவ்வொரு போரில் மட்டும் 200-க்கு மேற்பட்ட ஊர்திகள் அழிந்தன.

ஆயினும் இதன் கதை அத்துடன் முடியவில்லை. இரவில் வரும் குண்டு வீச்சு ஊர்திகளைத் தேடிப் பிடிக்கும் வேலை பின்னர் இதற்கு அளிக்கப்பட்டது. அவ்வேலைக்குச் சட்டென்று திரும்பும் திறன் முதன்மையானதன்று. நெடுநேரம் வானில் நிற்கும் ஆற்றலும், ராடார் கருவியையும் அதனை இயக்குவோனையும் ஏற்றிக்கொள்ளும் இடமுமே வேண்டும். அவை இரண்டும் இதனிடம் இருந்தன. பகலில் பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட ஊர்தி, இரவில் பிரிட்டிஷ் வானப்படைக்குப் பெரும் அச்சமாயிற்று. ஷ்னாபர் என்னும் ஜெர்மானிய விமானி ஒருவர் இரவுப் போரில் மட்டும் 121 ஊர்திகளை வீழ்த்தியதாகக் கணக்கு உண்டு. அவர் பெரும்பாலும் இவ்வூர்தியிலேயே பறந்தார். வீழ்ந்த நான்கு பொறி ஊர்தி ஒவ்வொன்றிலும் ஏழு பேர் அளவில் இருந்தனர் என்பதை எண்ணினால், அக்கணக்கின் கொடுமை புலனாகும்.

மூன்றாவது, ஜப்பானியரின் மிட்சுபிஷி ஜி4எம். பசிபிக் கடல் அளப்பரும் பரப்புடையது. அதனைக் கடந்து சென்று பகைக் கப்பல்களைத் தாக்கவேண்டும் என்று ஜப்பானியக் கடற்படை விரும்பியது. இரண்டாயிரம் மைலுக்கு மேற் பறக்கவேண்டும். ஆனால் பொறிகள் இரண்டே இருத்தல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. நான்கு பொறிகள் வைப்பதே தக்கது என்று வடிவமைப்பாளர் கிரோ ஹோஞ்சோ கருத்துத் தெரிவித்தார். கடற்படையினர் அதனை ஏற்கவில்லை. ஆதலால் சிறகு முழுவதையும் பெட்ரோல் தொட்டியாக்கினார் அவர். குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் இரப்பர் உறை அத்தொட்டிகளுக்கு இல்லை. விமானிகளைக் காக்கும் இரும்புத் தகடும் இல்லை. அவற்றைச் சேர்த்தால் எடை கூடும். எடை கூடினால் தொலைவு குறையும்.

1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இவ்வூர்தி முதன்முறை பறந்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள், மலேயாவின் கிழக்குக் கடலில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை இவ்வூர்திகளும், இவற்றுக்கு முற்பட்ட ஜி3எம் என்னும் இரட்டைப் பொறி ஊர்திகளும் சேர்ந்து மூழ்கடித்தன. கப்பல்களில் இருந்தோருள் ஏறத்தாழ 840 பேர் மாண்டனர். தாக்கியவருள் இழப்பு மிகச் சிறிது. எட்டாத் தொலைவு என்று பிறர் எண்ணிய இடத்திலிருந்து தாக்கியதே அவ்வெற்றிக்குக் காரணம். ஆனால் சண்டை ஊர்திகள் எதிர்ப்பட்ட இடங்களில், ஒரு சில குண்டுகள் பட்ட அளவிலேயே இவ்வூர்திகள் தீப்பற்றி எரிந்தன.

நான்காவது, அமெரிக்காவின் லாக்ஹீட் லைட்னிங். 'லைட்னிங்' என்பது மின்னலைக் குறிக்கும். ஹால் ஹிப்பர்டு, கெல்லி ஜான்சன் என்பார் இதனை வடிவமைத்தனர். 1939-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆம் நாள் இது முதலிற் பறந்தது. இதன் தோற்றமே புதுமையானது. ஒவ்வொரு பொறியின் பின்னும் ஒரு நீண்ட தண்டு வால்வரை ஓடும். இரு தண்டுகளுக்கும் நடுவே, சிறிய கூடு ஒன்றில் விமானி தனியே அமர்ந்திருப்பான். இரு சுழல்விசிறிகளும் எதிரெதிர்த் திசையிற் சுழல்வதால், ஒன்றன் திருகல் மற்றொன்றால் சரியாகிவிடும். நான்கு எந்திரத் துப்பாக்கிகளும் ஒரு சிறு பீரங்கியும் மூக்கிலேயே நெருக்கமாக அமைந்தன. சிறகுகளில் துப்பாக்கி வைத்த ஊர்திகளில் குண்டுகள் குறிப்பிட்ட ஒரு தொலைவிலேயே ஒன்றுகூடும். இதிலோ அவை எத்தொலைவிலும் நேரே சென்றன. விரைவு மணிக்கு 400 மைலை எட்டிற்று.

இதற்கும் குறைகள் இருந்தன. மிக உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும்போது, காற்றின் நெருக்கத்தால் ஊர்தி விமானியின் பிடிக்கு அடங்காமற் போயிற்று. இக்குறையை ஆராயும் முயற்சியில் சோதனை விமானி ஒருவர் 1941-ஆம் ஆண்டில் உயிர் துறந்தார். அதனைத் தணிக்கும் மடல்கள் போரின் பிற்பகுதியிலேதான் சிறகின் அடியில் பொருத்தப்பட்டன. பொறிகள் விமானிக்குத் தொலைவில் இருந்தமையால், ஐரோப்பாவின் உயர்வானக் குளிரில் அவனுக்குப் போதிய வெப்பம் கிடைக்கவில்லை. வெப்பமான பசிபிக் பகுதியிலோ இவ்வூர்தி நன்கு பயன்பட்டது. அகன்ற கடலின்மேல் இரண்டாம் பொறி ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை, அங்கே பறந்தோர்க்குப் பெருந்துணையாயிற்று.

மூன்றாம் ஊர்தியும் நான்காம் ஊர்தியும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தன. 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள், ஜப்பானியக் கடற்படைத் தலைவர் யமமோட்டோ, தம் படைவீரரைக் காண ஜி4எம் ஊர்தியில் பயணம் செய்தார். அவருடைய பயணச் செய்தியை அமெரிக்கர் இரகசியக் குறியீட்டை உடைத்து அறிந்திருந்தனர். குவாடல்கனால் தீவிலிருந்து பதினாறு லைட்னிங்குகள், ராடாருக்குத் தப்பக் கடல்மட்டத்தை ஒட்டிச் சுற்றுவழியாகப் பறந்து, 400 மைலுக்கு மேற் கடந்து, பூகன்வில் தீவின் அருகே அவரை எதிர்கொண்டன. யமமோட்டோவின் ஊர்தி எரிந்து காட்டில் வீழ்ந்தது. உடன் சென்ற மற்றோர் ஊர்தி கடலில் வீழ்ந்தது. தொலைவைப் பெறுவதற்காகக் காப்பைக் கைவிட்ட முடிவு, அப்படையின் தலைவர்க்கே எமனாக வந்து முடிந்தது.

ஐந்தாவது, இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ. கொசு என்பது இப்பெயரின் பொருள். ஏனைய நாடுகள் உலோக ஊர்திகளைச் செய்யும் காலத்தில், ஜெப்ரி டி ஹாவிலண்ட் என்பார் மரத்தாலான குண்டு வீச்சு ஊர்தி ஒன்றைச் செய்ய முற்பட்டார். அதில் துப்பாக்கி ஒன்றும் வேண்டியதில்லை என்றும் கூறினார். அதிகாரிகள் பலர் நகைத்தனர். அவருடைய வாதமோ எளிமையானது. துப்பாக்கிக் கூண்டு வைத்தால் அதன் எடை ஒன்று. அதனை இயக்குவோன் எடை ஒன்று. அவற்றைச் சுமக்கப் பெரிய சிறகு வேண்டும். பெரிய சிறகுக்கு மிகுந்த பெட்ரோல் வேண்டும். இச்சங்கிலியை முதற் கண்ணியிலேயே அறுத்துவிட்டால், இருவர் மட்டும் செல்லும் இலேசான ஊர்தி, துரத்துவோர் கைக்கு எட்டாமற் பறந்துவிடும். சர் வில்பிரிட் பிரீமன் என்னும் வானப்படை அதிகாரி ஒருவர் இவ்வாதத்தின் உண்மையை உணர்ந்து ஆதரித்தார். 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐம்பது ஊர்திகளுக்கு ஆணை கிடைத்தது.

எக்குவடோர் நாட்டிலிருந்து வந்த பால்சா என்னும் இலேசான மரத்தை நடுவில் வைத்து, இரு புறமும் பிர்ச்சு மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகையைப் பசையிட்டு ஒட்டினர். அவரைக்காயின் இரு தோல்களைப்போல, உடற்பகுதியை இரண்டு பாதிகளாகச் செய்து, உள்ளிருக்க வேண்டிய கம்பிகளையும் குழாய்களையும் பொருத்தியபின் இணைத்தனர். இதனால் அரிய அலுமினியம் மிச்சமாயிற்று. மேசை நாற்காலி செய்யும் தச்சரும் இப்பணியிற் பங்கு கொண்டனர். 1940-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் நாள் முதல் ஊர்தி பறந்தது. சோதனையில் அது மணிக்கு ஏறத்தாழ 390 மைல் சென்று, அந்நாளைய ஸ்பிட்பையரையும் முந்தியது. பிளெனிமுக்குக் கிடைக்காமற்போன நற்பேறு இதற்குக் கிடைத்தது: போர்க்கருவிகள் ஏறியபோதும் இதன் விரைவு பெரிதும் குன்றவில்லை.

1943-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் நாள், நாஜிகள் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு விழாவில் வானொலியிற் பேச கோரிங் அணியமாயிருந்த வேளையில், பட்டப்பகலில் மூன்று மாஸ்கிட்டோக்கள் பெர்லின்மேல் தோன்றின. பேச்சு ஒரு மணி நேரத்திற்கு மேல் தாமதமாயிற்று. அன்று பிற்பகலிலும் மூன்று ஊர்திகள் சென்றன. அவற்றுள் ஒன்று திரும்பவில்லை. பின்னாளில் இவ்வூர்தி 4,000 இராத்தல் எடையுள்ள குண்டையும் சுமந்தது. ராடார் பொருத்தி இரவுச் சண்டை ஊர்தியாகவும் ஆயிற்று. இரவின் இருளில் மெஸ்ஸர்ஷ்மிட் 110-ஐத் தேடி வேட்டையாடியதும் இதுவே. மொத்தம் 7,781 மாஸ்கிட்டோக்கள் செய்யப்பட்டன.

மரத்திற்கும் ஒரு பகை உண்டு. இந்தியாவிலும் பர்மாவிலும் பணிபுரிந்த மாஸ்கிட்டோக்கள் சிலவற்றின் சிறகுகள் 1944-ஆம் ஆண்டின் இறுதியில் முறிந்தன. ஒட்டிய இடங்களிற் பிணைப்பு விட்டிருந்தது. இப்பகுதியின் வெயிலும் ஈரமும் காரணம் என்று சிலரும், ஒட்டும்போது நேர்ந்த குறைபாடே காரணம் என்று சிலரும் கூறினர். ஊர்திகள் சிலகாலம் பறவாமல் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டன. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தில் உரம்பெற்று நிற்கும் பொருள், மற்றொரு நாட்டிலும் அவ்வாறே நிற்கும் என்று எண்ணிவிடுதல் கூடாது என்பதற்கு இது சான்று.

இவ்வைந்தையும் ஒருசேர வைத்து நோக்குக. ஐந்திலும் பொறிகள் இரண்டே. ஆயினும், பிளெனிம் போர்க்கோலம் பூண்டு விரைவை இழந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் படைக்கலம் மிகுதியாகப் பெற்றுத் திரும்பும் திறனை இழந்தது. ஜி4எம் தொலைவைப் பெற்றுக் காப்பை இழந்தது. லைட்னிங் விரைவும் தொலைவும் பெற்றது. ஆனால் அதன் பாய்ச்சலை அடக்கவும் அதனைப் பேணவும் மிகுந்த முயற்சி வேண்டியிருந்தது. மாஸ்கிட்டோ துப்பாக்கியைத் தானே முன்வந்து துறந்து, அத்துறவினாலேயே விரைவைப் பெற்றது. ஏனையவற்றில் இழப்பு பின்னர்த் தெரியவந்தது. இதிலோ எதை இழக்கவேண்டும் என்பது முன்னரே எண்ணித் துணியப்பட்டது. வேறுபாடு இதுவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஓர் ஊர்தி நல்லது, ஓர் ஊர்தி தீயது என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. பகற்போரில் தோற்ற மெஸ்ஸர்ஷ்மிட் இரவுப்போரில் வென்றது. குளிர்நாட்டில் இடர்ப்பட்ட லைட்னிங் வெப்பக் கடலிற் சிறந்தது. கருவியின் தகுதி அதனை இடும் வேலையைப் பொறுத்தது. இதனை அறியாது ஏவுவோர், கருவியையும் அதனைக் கையாளுவோரையும் ஒருங்கே இழப்பர்.

எடையையும் விரைவையும் கணக்கிட்டு முடிவு செய்தோர், தரையில் மேசையின் முன் அமர்ந்திருந்தனர். அம்முடிவுகளின் விலையைக் கொடுத்தோர், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். ஜாம்புளூவின் வானத்திலும் திருகோணமலைக்கு அப்பாற்பட்ட கடலிலும் அவர்கள் வீழ்ந்தனர். எந்த நாட்டவராயினும் அவர்களைப் பெற்றவரும் உற்றாரும் வீட்டில் காத்திருந்தனர். முதன்முதற் பறந்த மாஸ்கிட்டோ, அது உருவாக்கப்பட்ட சாலிஸ்பரி ஹால் என்னும் இடத்திலேயே இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதன் மரப்பலகையின் வழவழப்பைக் கண்டு தச்சர் திறனை வியப்பவர், அதன் பயனாக உயிரோடு திரும்பியோரையும், அது வீசிய குண்டுகளால் மாண்டோரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும். அறிவினால் ஆகிய கருவி எதுவாயினும், அதன் நன்மை தீமைகளை முன்னரே எண்ணிப் பார்க்கும் பொறுப்பு அதனைப் படைப்போர்க்கு உண்டு.

வினாக்கள்

1. வானூர்தியில் இரண்டு பொறிகளைப் பொருத்துவதால் விளையும் நன்மை தீமைகள் யாவை?

2. பிளெனிம் 1935-ஆம் ஆண்டில் பெற்றிருந்த சிறப்பைப் பின்னர் இழந்தது ஏன்?

3. பகலில் தோற்ற மெஸ்ஸர்ஷ்மிட் 110 இரவில் வென்றதற்குக் காரணம் யாது?

4. துப்பாக்கியே வேண்டா என்று டி ஹாவிலண்ட் கூறியதன் கருத்தை விளக்குக.

5. 'கருவியின் தகுதி அதனை இடும் வேலையைப் பொறுத்தது' என்பதை உங்கள் ஊரில் வழங்கும் கருவி ஒன்றைக் கொண்டு விளக்கி ஒரு பத்தி வரைக.